பேட்டன்ட் மெடிசினுக்கு "காப்புரிமை மருந்து" சரிதானா?

எல்லாருக்கும் வணக்கம்.

விக்டோரியா கால மருத்துவ வரலாற்றுக்கான சொற்பட்டியல்ல பேட்டன்ட் மெடிசின்ங்கிற இடத்துல (அதாவது உள்ள என்ன இருக்குன்னு மறைச்சு, வணிகப் பேர்ல விளம்பரம் பண்ணி நேரா மக்களுக்கு வித்த மருந்து) "காப்புரிமை மருந்து"ன்னு ஏத்தியாச்சுன்னு இப்பதான் கவனிச்சேன். பெரியவர் போன மடல்ல எழுதினது இது:

> பேட்டன்ட்னா காப்புரிமை, மெடிசின்னா மருந்து. இதுல விவாதிக்க என்ன இருக்கு?

இருக்குங்க ஐயா. அந்த மருந்துகள்ல பெரும்பாலானதுக்குக் காப்புரிமையே கிடையாது, அதான் சிக்கலே. காப்புரிமை வாங்கணும்னா உள்ள என்னென்ன போட்டிருக்கோம்னு எழுதிக் குடுக்கணும், காலம் முடிஞ்சா எவன் வேணா செஞ்சு விக்கலாம். அந்த வியாபாரிங்களுக்கு ரெண்டுமே ஒத்து வராது. 1712ல ஸ்டௌட்டன்னு ஒருத்தர் தன்னோட கசப்பு மருந்துக்கு அரச காப்புரிமை வாங்கினார், அந்த மாதிரி சிலர் நெஜமாவே வாங்கினதால பேர் ஒட்டிக்கிச்சு, அப்புறம் வந்தவங்க பேரை மட்டும் வச்சுக்கிட்டு செய்முறையைப் பூட்டி வச்சுக்கிட்டாங்க. ஹாலோவே மாத்திரை, பீச்சம் மாத்திரை, மோரிசன் மாத்திரை எல்லாத்துலயும் அவங்க பாதுகாத்தது பேரையும் லேபிளையும்தான்.

இது சும்மா வார்த்தைச் சண்டைன்னு நெனைக்காதீங்க, இதே கேள்வி லண்டன் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. குளோரோடைன்னு ஒரு மருந்து, காலிஸ் பிரவுன்ங்கிற ராணுவ டாக்டர் இந்தியாவுல வேலை பார்த்தப்ப 1848 வாக்குல காலராவுக்காகக் கூட்டினது. உள்ள அபின் சத்து, குளோரோஃபார்ம், கஞ்சா டிஞ்சர். 1868 பார்மசி சட்டம் என்ன சொல்லுச்சுன்னா அபின் மாதிரி சரக்கை மருந்தாளுநர்தான் விக்கணும், பாட்டில்ல "விஷம்"னு எழுதணும், ஆனா பேட்டன்ட் மெடிசினுக்கு இதுலேர்ந்து விலக்கு. இந்த ஒரு ஓட்டைல புகுந்து கால் நூற்றாண்டு எந்தக் கடையில வேணா அந்த பாட்டில் வித்துச்சு. 1890கள் தொடக்கத்துலதான் நீதிமன்றம், சட்டத்துல பேட்டன்ட் மெடிசின்னு சொன்னா நெஜமாவே பேட்டன்ட் வாங்கினதுக்கு மட்டும்தான் பொருந்தும், ஊர் வழக்குல அப்படிக் கூப்பிடறதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதுக்கப்புறம்தான் குளோரோடைன் பாட்டில்ல விஷம்ங்கிற சொல் ஏறுச்சு. அவங்க கோர்ட்டே பிரிச்சு வச்சதை நாம "காப்புரிமை மருந்து"ன்னு திரும்ப ஒட்ட வைக்கிறோம். வாசிக்கிற பிள்ளைங்க, அடடா அரசாங்கமே உரிமம் குடுத்த மருந்து போலன்னு நெனைச்சுப் போயிடுவாங்க.

வேடிக்கை என்னன்னா, நெஜமாவே காப்புரிமை வாங்கின ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சட்டக்கல்லூரி முதல் வருஷத்துலயே படிச்சிருப்பீங்க, கார்பாலிக் ஸ்மோக் பால். ரப்பர் பந்துக்குள்ள கார்பாலிக் அமிலப் பொடி, ஒரு குழாய், மூக்குல வச்சு அழுத்தணும், விலை 10 ஷில்லிங். இதை உபயோகிச்சும் இன்ஃப்ளூயன்ஸா வந்தா 100 பவுண்ட் தர்றோம், வாக்குக்கு அடையாளமா பேங்க்ல 1000 பவுண்ட் போட்டு வச்சிருக்கோம்னு விளம்பரம். அதை வாங்கின கார்லில்ங்கிற அம்மா ரெண்டு மாசத்துக்குக் கிட்ட தினம் மூணு வேளை இழுத்து, 1892 ஜனவரில காய்ச்சல் வந்து, கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. காப்புரிமை இருந்தும் காய்ச்சல் நிக்கல, அது வேற கதை.

அடுத்தது,

> "போலி மருந்து"ன்னு போட்டா எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனா வேற புரியும். போலி மருந்துன்னா நம்ம ஊர்ல அசல் கம்பெனி பேர்ல சுண்ணாம்பு அடைச்சு விக்கிறது. அந்தக் காலத்துலயும் அசல், போலி சண்டை நடந்துச்சு, குளோரோடைனுக்கே போட்டிக்காரர் வந்து 1864ல கேஸ் ஆகி, பிரவுன்தான் கண்டுபிடிச்சவர்னு நீதிபதி சொன்னதை அப்படியே விளம்பரத்துல பல வருஷம் போட்டுக்கிட்டாங்க. அப்ப அசல் குளோரோடைனை எப்படிப் போலின்னு சொல்றது? போதாக்குறைக்கு அது வேலையும் செய்யும், அபின் வயித்துப்போக்கை நிறுத்தும், வலியை அடக்கும். பிரச்சனை என்னன்னா உள்ள அபின் இருக்குன்னு குடிக்கிறவனுக்குத் தெரியாது. காட்ஃப்ரீஸ் கார்டியல்னு குழந்தைங்களுக்குக் குடுத்தாங்களே, வெல்லப்பாகுல அபினைக் கலந்தது, மில் வேலைக்குப் போற தாய்மார் பிள்ளை தூங்கட்டும்னு குடுப்பாங்க, பல பிள்ளைங்க எழுந்திருக்கவே இல்ல. அதைப் போலின்னு சொன்னா குத்தம் கொறைஞ்ச மாதிரி ஆயிடும்.

"சர்வரோக நிவாரணி" எனக்குப் பிடிச்ச சொல்தான், மோரிசனுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். எல்லா நோய்க்கும் ஒரே காரணம் ரத்தத்துல அழுக்கு, ஒரே வைத்தியம் என் மாத்திரைன்னு 1825லேர்ந்து வித்தார், டாக்டர் பட்டம் கிடையாது, ஆனா லண்டன்ல "பிரிட்டிஷ் ஆரோக்கியக் கல்லூரி"ன்னு போர்டு மாட்டினார். உள்ள கத்தாழைச் சத்து மாதிரி கடும் பேதி சரக்கு. கொணம் தெரியலன்னா இன்னும் ரெண்டு போடுங்கிறதுதான் அவர் வழி. ஆனா இந்த வகைல எல்லாமே சர்வரோகம் இல்ல, இருமலுக்குன்னே வித்தது இருக்கு, பெண்களுக்குன்னே அமெரிக்காவுல லிடியா பின்காம் வித்தது இருக்கு. அதனால அது உள்பிரிவுக்கு ஆகும், தலைச்சொல்லுக்கு ஆகாது.

என் பரிந்துரை: முத்திரை மருந்து.

காரணம் சொல்றேன். 1783லேர்ந்து பிரிட்டன்ல இந்த மருந்துகளுக்கு முத்திரைத் தீர்வை. அரசாங்கம் அச்சடிச்ச காகிதப் பட்டையை மூடி மேல ஒட்டி விக்கணும், திறந்தா கிழியும். ஒரு ஷில்லிங் வரைக்கும் விலை உள்ளதுக்கு ஒன்றரை பென்னி வரி, பீச்சம் மாத்திரை டப்பா ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னின்னு அரைகுறை விலைல இருந்ததுக்கு இதுதான் காரணம். இதுல முக்கியமானது, எல்லா மருந்துக்கும் வரி இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச செய்முறைல மருந்துக்கடைக்காரர் கூட்டிக் குடுக்கிறதுக்கு விலக்கு, இது என் ரகசியம் என் சொந்தம்னு சொல்லி விக்கிறவன்தான் கட்டணும். ஆக முத்திரை எதுல இருக்கோ அதுதான் நாம பேர் தேடற சாமான். ஜனங்க அந்தப் பட்டையைப் பார்த்து அரசாங்கமே சான்று குடுத்திருக்குன்னு நம்புச்சு, பிற்காலத்துல "இது அரசு உத்தரவாதம் அல்ல"ன்னு முத்திரைலயே அச்சடிக்க வேண்டியதாச்சு. 1941ல தீர்வையை எடுத்தாங்க, அதே சட்டத்துல உள்ள என்ன இருக்குன்னு எழுதணும்னும் சொல்லிட்டாங்க. முத்திரையும் ரகசியமும் ஒண்ணாவே போச்சு.

கருத்து சொல்லுங்க.

---

தம்பிக்கு வணக்கம், நான் மருந்தகத்துல இருக்கிறவ, நடைமுறைலேர்ந்து பேசறேன்.

முத்திரை மருந்து காதுக்கு நல்லா இருக்கு, ஆனா கூகுள்ல தட்டிப் பாருங்க, விரலை மடக்கிக்கிட்டு ஜீரணத்துக்கு இந்த முத்திரை, மூட்டுவலிக்கு அந்த முத்திரைன்னுதான் வரிசையா வரும். ரெண்டாவது, அமெரிக்காக்காரன் சாமானுக்கு பிரிட்டன் வரியை வச்சு எப்படிப் பேர் வைக்கிறது? மூணாவதுதான் எனக்கு நெசமான கவலை. நம்ம 1940 மருந்துச் சட்டத்துல சித்தா, ஆயுர்வேதத்துக்கு "பேட்டன்ட் ஆர் ப்ரொப்ரைட்டரி மெடிசின்"னு இப்பவும் ஒரு வகை இருக்கு. அது சாஸ்திர நூல்ல உள்ள செய்முறை இல்லாம கம்பெனி தானே கூட்டினது, ஆனா சரக்கு அந்த நூல்கள்ல உள்ளதா இருக்கணும், லைசென்ஸ் வேணும், லேபிள்ல என்னென்ன இருக்குன்னு போடணும். அந்த டப்பாவை நாங்க தினம் விக்கிறோம். அதையும் பீச்சத்தையும் ஒரே சொல்லால கட்டிடாதீங்க.

எனக்கு "மறைகூட்டு மருந்து" பிடிச்சிருக்கு. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909ல இந்த மருந்துகளைப் பரிசோதிச்சு வெளியிட்ட புத்தகத்துக்கே ரகசிய மருந்துகள்னுதானே பேர்.

---

அக்கா, மூணுக்கும் பதில்.

விரல் முத்திரை விஷயம் பெரிசா எனக்குப் படல, "முத்திரைத்தாள்"னு சொன்னா யாரும் யோகாசனத்தை நெனைக்கிறதில்ல. அமெரிக்கால 1862லேர்ந்து 1883 வரைக்கும் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக இதே மாதிரி மருந்து பாட்டிலுக்கு வரி முத்திரை இருந்துச்சு, பெரிய கம்பெனிங்க தங்களுக்குன்னே தனி முத்திரை அச்சடிச்சு வச்சிருந்தாங்க, இலவச விளம்பரம். அதனால அங்கயும் சொல் பொருந்தும், எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது, ஒத்துக்கறேன். மூணாவதுல நீங்க சொல்றதுதான் சரி, இன்னைக்குள்ள சட்ட வகைக்குத் தனிப் பதிவு வேணும், "தனியுரிம மருந்து"ன்னு வைக்கலாம், அதையும் இதையும் கலக்க வேண்டாம்.

மறைகூட்டு பத்தி. நல்ல சொல், எடுத்துக்கலாம், ஆனா பேட்டன்ட் மெடிசினுக்கு இல்லாம "சீக்ரெட் ரெமடி"க்குன்னு வைக்கலாம். அந்த 1909 புத்தகத்தைப் பத்திச் சொன்னதால இதையும் சொல்லிடறேன். பீச்சம் மாத்திரைல கத்தாழை, இஞ்சி, சோப்பு, அவ்வளவுதான். ஒரு டப்பாவுல 56 மாத்திரை, உள்ள இருக்கிற சரக்கோட மொத்த மதிப்பு அரை ஃபார்த்திங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு நாலு ஃபார்த்திங், டப்பா விலை முன்ன சொன்ன ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்னி. கணக்குப் போட்டா விக்கிற விலை சரக்கு விலைல சரியா 108 மடங்கு! இந்த டப்பாவுக்கு விளம்பர வாசகம் "ஒரு கினி பெறும்", கினின்னா 21 ஷில்லிங். இப்படி ஒரு புத்தகம் வந்தும் பல பத்திரிகைங்க அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் போட மாட்டேன்னுட்டாங்க, மாத்திரைக்காரன் குடுக்கிற விளம்பரக் காசுலதானே அச்சே ஓடுது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1912ல இந்த மருந்துகளைப் பத்தி விசாரிக்க கமிட்டி போட்டு, 1914 ஆகஸ்ட்ல அறிக்கை வந்தா, அதே நேரத்துல போர் ஆரம்பிச்சு அதைச் சீந்துவார் இல்ல. ஹாலோவே மாத்திரைக்காரர் மட்டும் மாத்திரை வித்த காசுல ஒரு பெண்கள் கல்லூரி கட்டினார், 1886ல ராணியே வந்து திறந்து வச்சாங்க, ராயல் ஹாலோவேன்னு இன்னும் நடக்குது. நம்ம ஊர் சாராய அதிபர் இன்ஜினியரிங் காலேஜ் கட்டின மாதிரின்னு வச்சுக்கங்க.

பதிவு இப்படி இருக்கட்டும்னு நெனைக்கிறேன்:

முத்திரை மருந்து: 18, 19ஆம் நூற்றாண்டுகள்ல வணிகப் பேரோட, உட்பொருளை மறைச்சு, விளம்பரம் மூலமா நேரா மக்களுக்கு வித்த மருந்து. காப்புரிமை பெற்றிருக்கணும்னு அவசியமில்ல. ஒப்பிடுக: மறைகூட்டு மருந்து, சர்வரோக நிவாரணி. வேறுபடுத்துக: தனியுரிம மருந்து, போலி மருந்து.

"குவாக்"குக்கு போலி மருத்துவர்னு இருக்கிறதையும் மாத்தணும், போலீஸ் நியூஸ் மாதிரி இருக்கு, மோரிசன் தன் மாத்திரையைத் தானே நம்பி முழுங்கின ஆளு. "அரைவைத்தியர்" போதும்னு தோணுது, பழமொழியே கைல இருக்கு. ஆயிரம் பேரையா ஆயிரம் வேரையாங்கிற சண்டையை மட்டும் தயவுசெஞ்சு இந்த இழைல ஆரம்பிக்காதீங்க, அதுக்குத் தனி இழை போட்டுக்கலாம். பெரியவர் ஒப்புக்கிட்டா ஞாயித்துக்கிழமை பட்டியல்ல மாத்திடறேன்.