ஹகோசுகா கிட்: கூரையை அறுக்கலாமா, வேண்டாமா?

பிரபா_24

எல்லோருக்கும் வணக்கம். என் மேசையில் இப்போது இருப்பது நிசான் ஸ்கைலைன் 2000 ஜிடி-ஆர். 1970 அக்டோபரில் வந்த இரண்டு கதவு ஹார்டாப், ரசிகர்கள் ‘ஹகோசுகா’ என்று கூப்பிடும் வண்டி. ஜப்பானிய மொழியில் ‘ஹகோ’ என்றால் பெட்டி, ‘சுகா’ என்பது ஸ்கைலைனின் சுருக்கம். நான் கட்டுவது அதன் பிளாஸ்டிக் மாதிரி; துண்டுகளாக வரும், ஒட்டிக் கட்ட வேண்டிய கிட், 1/24 அளவு. மோட்டாரும் பேட்டரியும் வைத்துத் தரையில் ஓடவிட்ட காலத்து அச்சு.

தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிச் செய்ய ஆசை. ஆனால் கிட்டில் குறைகள் நிறைய. பேட்டரிக்கு இடம்விட்டு உள்தரையை உயர்த்தியிருக்கிறார்கள். சீட் ஏதோ முக்காலி போலத் தெரிகிறது. நான்கு சக்கரத்துக்கும் அகலமான ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகடு). சக்கரமும் பெரிது: 14 அங்குல ரிம் 1/24இல் 14.8 மி.மீ. வரவேண்டும், கிட்டில் 16.2 இருக்கிறது. எஞ்சின் இல்லை, பானெட் திறக்காது; அது எனக்குக் குறையாகப் படவில்லை.

பெரிய சிக்கல் கூரைதான். உண்மை வண்டியின் பக்கவாட்டுப் படத்தையும் என் கிட்டின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். கிட்டின் கூரை 2 மி.மீ. தாழ்வு. உண்மை வண்டிக் கணக்கில் 48 மி.மீ. ஹார்டாப் என்பதால் நடுத்தூண் கிடையாது. முன்தூண் இரண்டு, பின்தூண் இரண்டு, ஆக நான்கே இடத்தில் அறுத்து 2 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை வைத்து உயர்த்திவிடலாம் என்று நினைக்கிறேன். ரேசர் சா (மெல்லிய வாள்) தயாராக இருக்கிறது. செய்யலாமா?

பழைய பெட்டி

தம்பி, வேண்டாம். நான்கு இடம் என்று எண்ணிக்கையில் சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். என் அலமாரியில் கூரை அறுத்த பாடிகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு கார்கள், மூன்றையும் நான் முடிக்கவில்லை.

கூரையை 2 மி.மீ. தூக்கினால் முன்கண்ணாடி பொருந்தாது, பின்கண்ணாடி பொருந்தாது. புதுக் கண்ணாடிக்கு மர அச்சு செதுக்கி, தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அதன்மேல் இழுத்து எடுக்க வேண்டும். அதில் வளைவு கொஞ்சம் பிசகினாலும் கண்ணாடிக்குள் எல்லாம் நெளிந்து தெரியும். அடுத்தது பின்தூண். இந்த வண்டியில் அது பின்பக்க உடம்போடு ஒரே தகடாக இறங்குகிறது. ஒட்டிய இடத்தில் புட்டி (இடைவெளியை நிரப்பும் பசைக்கலவை) வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, வண்ணம் அடித்து, அப்பாடா என்று வைத்திருப்போம். ஒரு மாதம் கழித்து புட்டி சுருங்கி, ஒட்டிய கோடு வண்ணத்துக்கு மேலே மெல்லிசாக எழுந்து நிற்கும். என் இரண்டாவது பாடியில் அதுதான் நடந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது அந்தக் கோட்டைப் பார்த்த எனக்கு, அப்புறம் அந்த வண்டியைத் தொடவே மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் காலத்து அச்சு கணினியில் வந்ததல்ல. மரத்திலோ ரெசினிலோ பெரிய அளவில் ஒரு மாதிரி செதுக்கி, அதைத் தொட்டுத் தொட்டு பான்டோகிராஃப் இயந்திரத்தால் சிறிதாக்கி எஃகில் வெட்டினார்கள். அந்த வளைவுகளில் ஒரு மனிதரின் கண் இருக்கிறது. அதை மதித்து, உள்ளபடியே சுத்தமாகக் கட்டி முடி.

இளங்கோ

பெரியவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹகோசுகாவின் அழகு முழுவதும் அந்தப் பெட்டி வடிவத்தில்தான் இருக்கிறது. கூரை தாழ்ந்துபோனால் அது வேறு வண்டி. பேட்ஜையும் குரோம் ஃபாயிலையும் எவ்வளவு கச்சிதமாக வைத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. செதுக்கியவரின் கண்ணை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் பார்த்தது அந்தக் கார். நானும் அதே காரைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

புட்டி சுருங்குகிறது என்றால் புட்டியை விடுங்கள். சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடர் குழைத்து நிரப்பினால் சுருங்காது. ஒன்று மட்டும் கவனம்: இரண்டு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். உப்புத்தாள் பிளாஸ்டிக்கைத் தின்னும், பசை மேடாகவே நிற்கும். முன்தூண் மெல்லிசு என்பதால் உள்ளே பித்தளைக் கம்பி செருகுங்கள். அறுங்கள் பிரபா.

வெர்னியர் வாசு

அறுப்பதற்கு முன் மூன்று கேள்வி.

ஒன்று, நீங்கள் எடுத்த படம் இரண்டு கதவு வண்டிதானா? 1969இல் முதலில் வந்த நான்கு கதவு ஜிடி-ஆரின் சக்கர இடைவெளி 2640 மி.மீ. இரண்டு கதவு வண்டிக்கு 2570தான். அந்த 70 மி.மீ. 1/24இல் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஆகிவிடும். சாதாரண ஸ்கைலைனை ஜிடி-ஆர் போல மாற்றிய வண்டிகளும் நிறைய உண்டு. அவற்றில் தாழ்த்திய சஸ்பென்ஷனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இரண்டு, உங்கள் கிட்டை எவ்வளவு தூரத்திலிருந்து படம் எடுத்தீர்கள்?

மூன்று, வெர்னியர் (மி.மீ.யின் பின்னமும் காட்டும் அளவுகோல்) வைத்து அளந்தீர்களா?

பிரபா_24

வாசு சார், இரண்டு கதவுதான். 2570ஐ வைத்துத்தான் இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். கிட்டின் சக்கர இடைவெளி 107 மி.மீ., சரியாக இருக்கிறது. படம் எடுத்தது போனில், ஒரு சாண் தூரத்திலிருந்து. கேமராவை வண்டியின் பாதி உயரத்துக்கு நேராக வைத்தேன். கூரையை வெர்னியர் வைத்து அளக்கவில்லை.

வெர்னியர் வாசு

சந்தேகப்பட்டது சரிதான். சிக்கல் அந்த ஒரு சாணில் இருக்கிறது.

பக்கவாட்டுப் படத்தில் சக்கரங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. கூரையின் உச்சி வண்டியின் நடுக்கோட்டில் இருக்கிறது, அதாவது சக்கரத்தைவிட ஏறக்குறைய 34 மி.மீ. தள்ளி. ஒரு சாண் என்றால் 230 மி.மீ. என்று வையுங்கள். சக்கரம் 230இல், கூரை 264இல். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் அல்லவா? கேமரா மட்டத்துக்கு மேலே 28 மி.மீ. உயரத்தில் உள்ள கூரை, 24 மி.மீ. சொச்சத்தில் இருப்பதுபோல் படத்தில் விழும். மூன்றரை மி.மீ. காணாமல் போய்விட்டது.

உண்மை வண்டியை எடுத்தவர் 20 மீட்டர் தள்ளி நின்றிருப்பார் என்று வையுங்கள். அவர் படத்திலும் கூரை இறங்கும், ஆனால் உங்கள் அளவில் சொன்னால் 1 மி.மீ.தான். இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேலேயே வருகிறது. நீங்கள் கண்டுபிடித்த குறையும் அதே 2 மி.மீ. குறை கிட்டில் இல்லை, போனை வைத்த இடத்தில்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் வைத்து மறுபடி எடுங்கள். ஒரு மீட்டர் என்றால் 1/24இல் 24 மீட்டர் தள்ளி நிற்பது மாதிரி. வண்டியின் மொத்த உயரம் 1370 மி.மீ., அதாவது கிட்டில் 57.1. ஆனால் அந்த எண்ணில் டயரும் சஸ்பென்ஷனும் சேர்ந்தே இருப்பதால், அதை மட்டும் வைத்துக் கூரையை முடிவு செய்ய வேண்டாம்.

சக்கரக் கணக்கிலும் ஒரு பிசகு. 14 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். அதற்கு வெளியே ரிம்மின் விளிம்பு சுற்றிலும் சுமார் 17 மி.மீ. எழுந்து நிற்கும், நம் கண்ணுக்குத் தெரிவது அந்த விளிம்புதான். 390 மி.மீ.யை 24ஆல் வகுத்தால் 16.2. உங்கள் கிட்டின் விட்டம் மிகச் சரி. அகலமும் டிசைனும்தான் தப்பு.

பழைய பெட்டி

வாசு, ஒரு பாடியைக் காப்பாற்றினீர்கள். இந்தக் கணக்கை எனக்கு இருபது வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் என் மூன்றில் ஒன்றாவது முழுதாக இருந்திருக்கும்.

இளங்கோ

கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முடித்த வண்டியை நாம் ஒரு மீட்டர் தள்ளி ஜூம் வைத்தா பார்க்கிறோம்? கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில், அதே ஒரு சாணில்தான் பார்க்கிறோம். கண்ணுக்கும் கூரை தாழ்ந்துதான் தெரியும். அப்படியானால் அரை மி.மீ., ஒரு மி.மீ. உயர்த்திக் கட்டுவதில் என்ன தப்பு?

வெர்னியர் வாசு

நல்ல கேள்வி. ஒரு சாணை 24ஆல் பெருக்குங்கள்: ஐந்தரை மீட்டர். உண்மை ஹகோசுகாவுக்கு ஐந்தரை மீட்டர் பக்கத்தில் போய், குனிந்து, கண்ணைக் கதவின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அங்கேயும் கூரை அதே அளவு இறங்கித்தான் தெரியும். அளவு சரியாக இருந்தால் பார்வையும் தானாகச் சரியாகிவிடும். கூட்டிக் கட்டினால் எந்தத் தூரத்திலிருந்தும் சரியாக இருக்காது.

இளங்கோ

உருண்டை ஃபெண்டர் உள்ள வண்டிகளில் கொஞ்சம் மிகைப்படுத்தினால்தான் உயிர் வருகிறது என்பது என் அனுபவம். அதை விடமாட்டேன். பெட்டி வடிவத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம்.

பிரபா_24

நேற்று ஒரு மீட்டரில் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் அரை மி.மீ.கூட இல்லை, கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது. கூரையைத் தொடப்போவதில்லை. வாசு சாருக்கு நன்றி.

ஆனால் மற்ற இரண்டையும் வெர்னியரில் அளந்தேன், அவை பொய் சொல்லவில்லை. உள்தரை 4 மி.மீ. உயரம்; உண்மையில் 96 மி.மீ. பின் ஃபெண்டரோடு சேர்த்து அகலம் 76 மி.மீ. இருக்கிறது, 1665ஐ வகுத்தால் 69.4தான் வரவேண்டும். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ.க்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிறது.

பழைய பெட்டி

அகலம் விஷயத்தில் நியாயமாகப் பேசுவோம். பெட்டியின் மேல்படத்தில் என்ன இருக்கிறது? அகல ஃபெண்டரும் தாழ்ந்த உடம்பும் உள்ள வண்டிதானே? ஜப்பானில் பிற்பாடு இளைஞர்கள் தெருவில் மாற்றி ஓட்டிய ஸ்கைலைன்கள் அப்படித்தான் இருந்தன. கிட் அந்த வண்டியைச் சரியாகவே காட்டுகிறது. நீ வேறொரு வண்டி கேட்கிறாய். அதற்குக் கிட்டைத் தப்பு என்று சொல்லாதே.

உள்தரையை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

தேவி கிருஷ்

ஃபெண்டர் பற்றிப் பெரியவர் சொன்னது சரி. தரை பற்றிச் சொன்னது சரியில்லை. ஹார்டாப்பில் நடுத்தூண் கிடையாது. பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்தூணிலிருந்து பின்தூண் வரை ஒரே திறப்பு. இந்த வண்டியில் முதலில் கண்ணில் படுவதே சீட்தான். மேலே தூக்கிவைத்த சீட்டில் ஒரு மனிதரைக் கற்பனை செய்து பாருங்கள், தலை கூரையில் இடிக்கும்.

இதே காலத்துக் கிட் ஒன்றில் நான் செய்த முறை இது. உள்தொட்டியின் (தரையும் கதவின் உள்பக்கமும் சேர்ந்த துண்டு) தரையை ஓரத்தோடு அறுத்து எடுத்தேன். சேஸிஸில் பேட்டரிப் பெட்டி மேலே எழுந்து நிற்கும். அதையும் வெட்டி, ஓட்டையை 1 மி.மீ. பிளாஸ்டிக் தாளால் மூடினேன். தரையை 4 மி.மீ. இறக்கி ஒட்டியதும் கதவின் உள்பலகை கீழே குட்டையாகிவிட்டது, பட்டை வைத்து நீட்டினேன். அப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: உயர்ந்த தரைக்கு ஏற்ப அவர்கள் சீட்டின் மெத்தையையும் மெலிதாக்கியிருக்கிறார்கள். அப்படியே வைத்தால் ஓட்டுநர் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சீட்டுக்கு அடியில் ஒன்றரை மி.மீ. கொடுத்தேன். ஸ்டீயரிங்கை டாஷ்போர்டோடு சேர்த்துத் தொடாமல் விட்டேன். மொத்தம் இரண்டு மாலை வேலை. வண்ணம் அடிக்கும் வெளிப்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஃபெண்டருக்கு வருவோம். தொழிற்சாலை ஹார்டாப் ஜிடி-ஆரில் ஓவர்ஃபெண்டர் (ஃபெண்டருக்கு மேலே பொருத்தும் கூடுதல் விளிம்பு) பின்னால் மட்டும்தான், கறுப்பு நிறத்தில், மெல்லிசாக. முன்னால் கிடையாது. சாதாரண ஸ்கைலைனில் பின்சக்கரத்துக்கு மேலே ஓடும் ‘சர்ஃப் லைன்’ என்ற மடிப்பு, ஜிடி-ஆரில் சக்கர வளைவால் வெட்டுப்பட்டு நின்றுவிடும். அந்த வெட்டு கிட்டில் சரியான இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரபா_24

தேவி அக்கா, சர்ஃப் லைன் சரியான இடத்தில்தான் வெட்டுப்படுகிறது. பெரியவர் சொன்னதையும் ஏற்கிறேன். கிட் தப்பில்லை, நான் வேறு வண்டி கேட்கிறேன். ஆனால் அந்த வேறு வண்டிதான் எனக்கு வேண்டும்.

நேற்றிரவு தரையை அறுத்தேன். ஒட்டாமல் சும்மா இறக்கிவைத்து, பாடியை மேலே மூடிப் பார்த்தேன். சீட்டின் தலைப்பகுதி ஜன்னல் விளிம்புக்கு மேலே கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் முதல்முறையாகப் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது முன் ஃபெண்டரைக் கழற்றியதும் அடியில் சக்கர வளைவு ஒன்றரை மி.மீ. பெரிதாக வெட்டியிருப்பது தெரிகிறது. எதை வைத்து நிரப்புவது?

பழைய பெட்டி

தரை விஷயத்தில் தோற்றேன், சந்தோஷம்தான். அந்த வளைவில் மட்டும் புட்டி வைக்காதே. விளிம்பில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.

தேவி கிருஷ்

0.5 மி.மீ. பட்டை மூன்று அடுக்கு. ஒவ்வொன்றையும் வளைவின் உள்விளிம்போடு திரவப் பசையில் ஒட்டுங்கள், ஒரே நாளில் மூன்றையும் ஒட்டாதீர்கள். பசை பிளாஸ்டிக்கை இளக்கியிருக்கும், ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் வட்டமான குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தேயுங்கள். கடைசியில் விளிம்பை உள்பக்கமிருந்து சுரண்டி மெலிதாக்குங்கள். கிட்டின் பிளாஸ்டிக் ஒன்றரை மி.மீ. தடிமன் என்றால், உண்மை வண்டியில் அது 36 மி.மீ. தகடு. சக்கரத்துக்கு மேலே முதலில் தெரிவது அந்தத் தடிமன்தான்.