அப்பாவின் காது மெஷின்: ரியல் இயர் சோதனை எங்கே செய்கிறார்கள்?

அப்பாவுக்கு 71 வயது, மதுரை. கனத்த குரல்கள் ஓரளவு கேட்கும். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரு காதிலும் 65 டெசிபல் இழப்பு. ஜனவரியில் ஆர்ஐசி வகை (ஸ்பீக்கர் காதுக்குள் இருக்கும்) மெஷின் வாங்கினோம். சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் இடி மாதிரி விழுகிறதாம், பேத்தி பேசுவது மட்டும் புரியவில்லை. ‘சட்டை’ என்றால் ‘பட்டையா?’ என்கிறார்.

மூன்று முறை போய் டியூனிங் செய்தாயிற்று. இரைச்சல் என்று சொன்னதும் உயர் அலைவரிசை ஒலியைக் குறைக்கிறார்கள், பேச்சு இன்னும் மங்குகிறது. கூட்டினால் விசில். மூடிய டோம் (காதுக்குள் போகும் மென்மையான முனை) போட்டோம், காது அழுக்கைத் தடுக்கும் வாக்ஸ் ஃபில்டர் மாற்றினோம், காதையும் சுத்தம் செய்தாச்சு. செவிப்பறை அருகே மெல்லிய குழாய் விட்டு அளக்கும் ரியல் இயர் சோதனை மட்டும் இதுவரை நடக்கவில்லை. சாஃப்ட்வேர் தருகிற கணக்கை வைத்தே ஓட்டுகிறார்கள்.

மதுரை, திருச்சி பக்கம் அந்தச் சோதனை செய்து பொருத்தித் தரும் ஆடியாலஜிஸ்ட் யாராவது உண்டா?