பதில்: ‘ஜே கட்’டுக்குத் தமிழ்ச் சொல்

> குறும்படப் பயிற்சிக் கையேட்டில் ‘ஜே வெட்டு’ என்றே போட்டுவிடலாமா? எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்.

தம்பி, எடிட்டிங் மேசையில் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. கையேட்டில் மட்டும் வேண்டாம். காட்சியின் ஒலியை அதன் படத்துக்கு முன்பே கேட்கவிடுவது ஜே கட், படம் போன பின்னும் ஒலியை நீட்டுவது எல் கட். அந்த ஆங்கில எழுத்து, எடிட்டிங் மென்பொருளில் படமும் ஒலியும் பட்டைகளாகத் தெரியும் டைம்லைனின் தோற்றத்தைத்தான் சொல்கிறது. மேலே படம், கீழே அதன் ஒலி. ஒலியின் தலையை இடப்பக்கம் இழுத்தால் ஜே, வாலை வலப்பக்கம் நீட்டினால் எல். படம் பார்க்க வந்தவருக்கு டைம்லைன் எங்கே தெரியும்? ஆளைக் காணுமுன் குரலைக் கேட்டோம் என்பதுதான் அவருக்குத் தெரியும். (எல் கட்டுக்கு ‘ட வெட்டு’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ட அச்சொட்டாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஜேக்குத்தான் நம் நெடுங்கணக்கில் ஆள் இல்லை.)

நான் சொல்வது முந்தொலி. முந்து + ஒலி, வினைத்தொகை. ‘முன்னொலி’ என்றால் முன்பு கேட்ட ஒலி என்றும் பொருள் போய்விடும், பழைய நினைவுக் காட்சியோடு குழம்பும். எல் கட்டுக்குத் தங்கொலி: படம் போன பின்னும் தங்குவது. ‘வெட்டு’ இரண்டிலும் வேண்டாம். தொடக்கக் காட்சியில் வெட்டிவிட்டு வருவதற்கு முன்னால் ஒரு காட்சியே இல்லையே.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரை, விடியாத நேரம், தோட்டத் தொழிலாளரை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு (பறை) கேட்கிறது. படத்தை எங்கே திறப்பீர்கள்? தப்படிப்பவரின் கையில் திறந்தால், என்ன சத்தம் என்று கேட்டவருக்கு உடனே விடை கிடைத்துவிடும், முந்தொலிக்கு அதற்குமேல் வேலை இல்லை. லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசைவீட்டு அறைக்குள்) திறந்து, அடுப்பு ஊதும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் கமராவை அசையாமல் வைத்துப் பாருங்கள். அதே தப்பு இப்போது அவளை விரட்டுகிறது. அடிப்பவரைக் காட்டவே தேவையில்லை. ஆனால் படம் மாறும் அதே பிரேமில் ஒலியும் மாற வேண்டும். கறுப்பில் கணீரென்று கேட்ட தப்பு, சுவருக்கும் தகரத்துக்கும் அப்பாலிருந்து வருவதுபோல் கூர்மை உதிர்ந்து அடித்தொனி மட்டும் மிஞ்ச வேண்டும். அது செய்யாவிட்டால் தப்பு காம்பராவுக்குள்ளேயே அடிப்பதுபோல் இருக்கும். கமராவை எங்கே வைத்தும் பயனில்லை.

ஒலியை மாற்றினால் கமராவே இடம் மாறியதுபோல் ஆகும் என்பதற்கு ஓர்சன் வெல்ஸ் இயக்கிய ‘டச் ஒஃப் ஈவில்’ படம் நல்ல சான்று. தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாத ஒரு கிரேன் ஷொட். 1958இல் வெளியானபோது அதன்மேல் எழுத்தோட்டமும் ஹென்றி மான்சினியின் இசையும் இருந்தன. வெல்ஸ் ஸ்டூடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998இல் எடிட்டர் வோல்டர் மேர்ச் மறுபடி தொகுத்தபோது, இரண்டையும் எடுத்துவிட்டுத் தெருவோரக் கடைகளின் பாட்டையும் குண்டு வைத்த காரின் வானொலியையும் போட்டார். படம் அதே படம்தான். பழையதில் மேலேயிருந்து வேடிக்கை பார்க்கிறோம். புதியதில், கார் சட்டகத்தில் இல்லாதபோதும் எங்கே வருகிறதென்று காது தேடிக்கொண்டே இருக்கிறது.

— பண்டாரவளை

அண்ணன், முந்தொலிக்கு என் கையும் தூக்கியாச்சு. வரையறைதான் தளர்வாக இருக்கிறது. கறுப்புத் திரையில் கேட்பதெல்லாம் முந்தொலியா? ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலை சுரங்கத்துக்குள் ரயில் போகிறது, கமராவும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று வையுங்கள். திரை கறுப்பு. காதில் தண்டவாளச் சத்தம், பசங்க போடுற கூச்சல். அங்கே ஒலி எதையும் முந்தவில்லையே, இருட்டுத்தானே படம்?

— தலவாக்கலை

35 மி.மீ. பிலிமில் ஒலித்தடம் தனக்குரிய படத்துக்கு 21 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். புரொஜெக்டரில் ஒளி பிலிமின்மேல் விழும் படவாயிலில் பிலிம் நின்று நின்று நகரும், ஒலி படிக்கும் இடத்தில் சீராக ஓட வேண்டும், அதனால் இரண்டையும் ஓரிடத்தில் வைக்க முடியாது. பழைய புரொஜெக்டர்காரர்களிடம் முந்தொலி என்றால் இதைத்தான் நினைப்பார்கள்.

— பேராதனை

பேராதனை சேர் சொல்வது சுருளில் உள்ள இடைவெளி, நொடிக்கு 24 பிரேம் ஓட்டத்தில் ஒரு நொடிகூட வராது. திரையில் யாருக்கும் அது கேட்பதில்லை. அதற்கு ‘ஒலி முன்னிடைவெளி’ என்று தனியே வைத்துக்கொள்வோம்.

தலவாக்கலை அக்கா கேட்டது வேறு. அதைச் சேர்த்து எழுதினால்: ‘தனக்குரிய படம் திரைக்கு வருமுன்னே கேட்கத் தொடங்கும் ஒலி.’ சுரங்கம் இதற்குள் வராது. உங்கள் கறுப்பு, இடத்தின் கறுப்பு. தம்பியின் கறுப்பு, படம் இன்னும் தொடங்காத கறுப்பு. கையேட்டில் இரண்டு உதாரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் இருட்டாக எது வந்தாலும் முந்தொலி என்று எழுதுவார்கள்.

மலையில் இதற்கு நேர்மாறும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். எதிர்மலையில் 700 மீட்டருக்கு அப்பால் தப்படித்தால் குச்சி விழுந்து இரண்டு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். தூர ஷொட்டில் அதை அப்படியே விட்டால் ஒலி பொருந்தவில்லை என்று தியேட்டரில் கூச்சல் போடுவார்கள், ஒட்டவைத்தால் பள்ளத்தாக்கின் அகலம் போய்விடும். படத்தில் ஒரேயொரு இடத்தில், அடிப்பவர் கையை இறக்கிவிட்டு நிற்கும்போது கடைசி அடி வந்து சேரும்படி விடலாம் என்பது என் எண்ணம். அப்போது பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிந்தொலி.

அடுத்தது ரூம் டோன். ஆட்கள் வாய்திறக்காமல் நிற்க, காம்பராவின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்கிறோமே, அது. அதற்குக் ‘களவொலி’ என்று ஒரு சொல் வந்திருக்கிறது. களம் + ஒலி, புணர்ச்சி சரிதான். ஆனால் வாசிக்கிறவர் களவாடிய ஒலி என்றே நினைப்பார். என் வாக்கு ‘இடவொலி’க்கு. வேறு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், கையேடு அச்சுக்குப் போகிறது.

— பண்டாரவளை