'தடுப்புக்கிருமித் தொற்று': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு உடையவர்களுக்கு உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளால் நேரும் சிக்கலைக் குறிக்க, முந்தைய மடலில் 'உயிரூசிப் பக்கவிளைவு' என்ற சொல் முன்வைக்கப்பட்டது. சுருக்கமான சொல்தான், ஆனால் 'பக்கவிளைவு' இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. ஊசி போட்ட மறுநாள் வரும் காய்ச்சலும் கைவலியும் தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை. நாம் பெயர் தேடுவதோ, போதிய எதிர்வினை எழாத உடலில் அந்தத் தடுப்பூசிக் கிருமியே தங்கிப் பெருகும் நிலைக்கு.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை எடுத்துக்கொள்வோம். வலுக்குறைத்த மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கொண்ட இந்த ஊசி, இந்தியாவில் குழந்தை பிறந்தவுடன் இடது மேற்கையில் போடப்படுகிறது. சில வாரங்களில் அங்கே சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறித் தழும்பாவது இயல்பு. நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி அணுக்கள் உருவாகாமல் பிறந்த குழந்தைக்கோ அந்தப் புண் ஆறாமல் அகன்று, இடது அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைத்து, பின்னர் கிருமி கல்லீரல், மண்ணீரல், எலும்பு வரை பரவக்கூடும். விழுங்கிய கிருமியைக் கொல்ல வெள்ளணுக்களுக்குத் திறனில்லாத நாட்பட்ட கிரானுலோமா நோயிலும், கிருமியைக் கொல்ல வெள்ளணுக்களைத் தூண்டும் புரதமான காமா இன்டர்ஃபெரானின் வழித்தடம் பழுதுபட்டவர்களிடமும் இதே ஆபத்து உண்டு. குழந்தைக்குக் குறைபாடு இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது சில வேளைகளில் அந்த அக்குள் கட்டியாகவே இருக்கிறது.

போலியோ சொட்டு மருந்தின் கதை வேறு. கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருள் சுரக்காதவர்களில் சிலரது குடலில் அந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்கி, மரபணு வரிசை மாறி, நரம்பைத் தாக்கும் திறனை மீட்டுக்கொள்கிறது. பிரிட்டனில் ஒருவர் ஏறத்தாழ 28 ஆண்டுகளாக இரண்டாம் வகைப் போலியோ வைரஸை மலத்தில் வெளியேற்றி வந்ததாக 2015-இல் ஆய்வறிக்கை வெளிவந்தது. அவருக்கு வாதம் வரவில்லை. ஆகவே 'நோய்' என்று முடியும் எந்தச் சொல்லும் அவரை உள்ளடக்காது. 'தொற்று' உள்ளடக்கும்.

எனில் 'தடுப்பூசித் தொற்று' போதாதா? அசுத்தமான ஊசியால் சீழ் பிடித்ததாகவே வாசகர் அதைப் புரிந்துகொள்வார்; சொட்டு மருந்தில் ஊசியும் கிடையாது. எனவே தடுப்பு மருந்தில் உள்ள வலுக்குறைத்த கிருமியைத் 'தடுப்புக்கிருமி' என்றும், அது உடலில் அடங்காமல் நிலைப்பதைத் 'தடுப்புக்கிருமித் தொற்று' என்றும் அழைக்கலாம் என முன்மொழிகிறேன். செயலிழந்த கிருமியால் ஆன தடுப்பூசிகளால் இது நேர வழியில்லை என்பதும் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. எல்லாத் தடுப்பூசிக்கும் அஞ்சும் பெற்றோரிடம் பேசும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

பெற்றோருக்கான கையேட்டில் வைத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல், பிறந்த குழந்தைக்கு இக்குறைபாடு உண்டா என்று பார்க்கும் குதிகால் இரத்தச் சோதனை முடிவு தெரிவதற்கு வசதியாக, பி.சி.ஜி. 28 நாள் தள்ளிப் போடப்படுகிறது. அதற்கான காரணத்தை, 'எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைக்குத் தடுப்புக்கிருமித் தொற்று ஏற்படாதிருக்க' என்று எழுதினால் இடறாமல் படிக்க முடிகிறது.

உடலெங்கும் பரவிய நிலைக்குப் 'பரவிய தடுப்புக்கிருமித் தொற்று' என்பது நீளம். அதற்குப் 'பி.சி.ஜி. பரவுதொற்று' என்றும், அக்குளோடு நிற்பதற்குப் 'பி.சி.ஜி. நெறிகட்டு' என்றும் வைத்துக்கொள்ளலாமா? குழந்தை மருத்துவர்கள் கருத்துச் சொன்னால் அகராதிப் பதிவில் சேர்த்துவிடலாம்.