வௌவால்களின் பேச்சுக்கு ‘உறவுக்குரல்’

வணக்கம் ஐயா,

வௌவால்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள எழுப்பும் சத்தத்தை ஆங்கிலத்தில் ‘social call’ என்கிறார்கள். பிள்ளைகளுக்காக அதற்கு நீங்கள் வைத்த ‘சமூக அழைப்பு’ என்ற சொல்லில் எனக்கு இடிப்பது ‘அழைப்பு’தான். அழைப்பு என்றால் நமக்கு ‘வா’ என்று கூப்பிடுவது. வௌவால்கள் தங்களுக்குள் கத்துவதில் எவ்வளவோ ‘தள்ளிப் போ’ என்பதாக இருக்கிறதே!

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோசி யோவெல் குழு, எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களின் ஏறத்தாழ 15,000 குரல்களை ஆராய்ந்து 2016-இல் கட்டுரை வெளியிட்டது. தீனிக்குச் சண்டை, தூங்கும் இடத்துக்குச் சண்டை, ரொம்ப ஒட்டி உட்கார்ந்ததற்குச் சண்டை, நெருங்கும் ஆணைப் பெண் விரட்டுவது என்று எல்லாவற்றையும், குரலை மட்டும் வைத்தே கணினி பிரித்தது. கத்துவது எந்த வௌவால் என்பதும், ஓரளவுக்கு யாரிடம் கத்துகிறது என்பதும்கூடத் தெரிந்தது. இதையெல்லாம் அழைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வௌவாலிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. இருட்டில் வழி அறிய அது நாக்கைச் சொடுக்கி, அது எதிரொலித்துத் திரும்புவதைக் கேட்கிறது. மற்ற வௌவால்களோடு பேசத்தான் தொண்டையைத் திறக்கிறது. ஆகவே எதிரொலிக்காக எழுப்புவது ‘ஒலி’, இன்னொரு வௌவாலுக்காக எழுப்புவது ‘குரல்’ என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் இரண்டையும் தொண்டையிலிருந்தே எழுப்புகின்றன, சரி. ஆனால் அங்கும் ஒலி தனக்கு, குரல் பிறருக்கு என்ற பிரிவு நிற்கும்.

நம் ஊர்ப் பெரிய பழந்தின்னிக்கோ எதிரொலியால் இடமறியும் வழக்கமே இல்லை. கண்ணும் மூக்கும்தான் அதற்குத் துணை. பண்ருட்டிப் பக்கம் ஏரிக்கரை ஆலமரம் ஒன்றில் பகலெல்லாம் இரைச்சலாக இருக்கும். வெயில் ஏற ஏற, தொங்கியபடியே இறக்கையால் விசிறிக்கொள்ளும். ஒன்று கிளையைப் பற்றி நகர்ந்து பக்கத்தில் வந்தால், அங்கிருப்பது கட்டைவிரல் நகத்தை ஓங்கிக் கத்தும். வந்தது திருப்பிக் கத்தும். அடுத்த கிளையும் சேர்ந்துகொள்ளும். அந்த இரைச்சலில் எதிரொலிக்கானது ஒன்றுகூட இல்லை, அத்தனையும் குரல். ‘வௌவால் என்றால் மீயொலி (நம் காதுக்கு எட்டாத ஒலி), மீயொலி என்றால் எதிரொலி’ என்று பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மரத்தடியில் நின்றாலே விஷயம் புரியும். நம் காதுக்கே கேட்கிற குரல்தானே!

‘சமூக’ என்பதையும் விட்டுவிடலாம் என்பேன். பேச்சு வழக்கில் அது சாதியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதற்குப் பதில் ‘கூட்டொலி’ என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து பாடுவதாகத் தோன்றும். ‘விளி’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் மறுபடியும் கூப்பிடுதலுக்கே போய்விடுகிறது. ‘உறவுக்குரல்’ தாய்க்கும் குட்டிக்கும் பொருந்தும், இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு ஆண்களுக்கும் பொருந்தும்.

அப்புறம் உட்பிரிவுகள். தாயைப் பிரிந்த குட்டி எழுப்புவது ‘தேடுகுரல்’. சண்டையில் எழுவது ‘பூசற்குரல்’. மத்திய அமெரிக்காவின் பை-இறக்கை வௌவால் குட்டிகள், நம் குழந்தைகளைப் போலவே அசைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகின்றன என்று 2021-இல் அகானா பெர்னாண்டஸ் குழு எழுதியது. அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், மழலை என்று கைவசம் இருக்கிறது.

‘பூசற்குரல்’ பிள்ளைகள் வாயில் நுழையுமா என்பது மட்டும் எனக்கு உறுத்தல். ‘சண்டைக்குரல்’ என்றே போடலாமா? புதுச்சேரியில் வகுப்பெடுப்பவர் நீங்கள், முடிவை உங்களிடமே விடுகிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து