புல்வெட்டி, பம்ப் ரிப்பேர் கடை: மணிக்கு 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டுமா?

கிராஞ்சிக்காரன்:
சிங்கப்பூர்ல சுங்கை காடுட் பக்கம் ஒரு ரிப்பேர் கடையை எடுத்து நடத்தப் பேச்சு நடக்குது. லிம் சூ காங் பண்ணைகளோட தண்ணி பம்ப், மண்ணை உழுற சின்ன டில்லர், லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர்களோட டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டி, இதுதான் வேலை. இப்போ கூலி மணிக்கு 40 வெள்ளி, பாகத்துக்கு 25% ஏத்தி விக்கிறாங்க. மெக்கானிக் ஒருத்தர், சம்பளம் 2,800. வாடகை, கரண்ட், வேன் சேர்த்து 4,000. கட்டுமா? ஏதாவது மெஷின் கம்பெனியோட டீலர்ஷிப் எடுத்தா நல்லதா?

கணக்குப்புலி:
கட்டாது. மெக்கானிக் உள்ளூர்க்காரர், 55 வயசுக்குள்ளன்னா சிபிஎஃப்ல (கட்டாயச் சேமிப்பு நிதி) முதலாளி பங்கு 17%. சம்பளம் 3,276 ஆயிடும். (வொர்க் பெர்மிட்ல வந்த வெளிநாட்டுக்காரர்னா சிபிஎஃப் இல்லை, அவருக்காக அரசாங்கத்துக்கு லெவி கட்டணும்.) 4,000 சேர்த்தா மாசம் 7,276. 22 நாள், 8 மணின்னா 176 மணி நேரம். பாகம் தேட, போன் பேச, டெஸ்ட் ஓட்டப் போனது போக, பில் போட 105 மணி கிடைச்சாலே பெரிசு. வகுத்துப் பாருங்க, மணிக்கு 69 வெள்ளி. பாகம் வித்து மாசம் 1,500 லாபம் நின்னாலும் 55-க்குக் கீழே இறங்க முடியாது. இதுல உங்க சம்பளம் இன்னும் சேரலை.

25% கண்ணுக்குத்தான் 25. 40-க்கு வாங்கி 50-க்கு வித்தா விற்பனையில அது 20%. கடை ஜிஎஸ்டி பதிவு இல்லாததுன்னா, வாங்கும்போது கட்டின 9% திரும்பி வராது. 40 வெள்ளி சாமான் 43.60 ஆயிடும், நிக்கிறது 6.40.

பழைய_ஸ்பானர்:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா காசு கைநழுவிப் போறது ரிப்பேர் மேசையில. ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டி வந்தா கார்புரேட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி சைலன்சரைக் கழட்டி, டார்ச் அடிச்சு எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா பிஸ்டனைப் பாருங்க. மேலும் கீழுமா கீறல் இருந்தா பெரும்பாலும் எண்ணெய் கலக்காத பெட்ரோல்தான். பெட்ரோல் 50 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு கேட்கிற மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய், 25-க்கு 1-ன்னா 40. அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பிட்டு விலை சொல்லுங்க. இதைப் பார்க்காம டயாஃப்ரம் (கார்புரேட்டருக்குள்ள இருக்கிற சவ்வு) மாத்திக் கொடுத்தா மறுவாரம் அதே மெஷின் திரும்பி வரும், ரெண்டாவது தடவை கூலி கேட்க முடியாது.

பிளக், ஏர் ஃபில்டர், டயாஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் ஸ்பிரிங், பம்ப் மெக்கானிக்கல் சீல், இதெல்லாம் எப்பவும் கையில இருக்கணும். சிலிண்டர், கிராங்க்கேஸ் முன்பணம் வாங்கிட்டு ஆர்டர் போடுங்க. வருஷம் முழுக்க அலமாரியில தூங்குற சிலிண்டருக்கும் நீங்கதான் வாடகை கட்டுறீங்க.

கிராஞ்சிக்காரன்:
மலிவு மெஷினுக்கு ரிப்பேர் கூலியே புது விலைக்குக் கிட்ட வருதே?

பழைய_ஸ்பானர்:
பார்க்கிறதுக்குத் தனிக் காசு வாங்குங்க, வேலை கொடுத்தா பில்லில் கழிச்சிடுங்க. அந்த ரக மெஷினுக்கு முழு கார்புரேட்டரை மாத்துறதே பல சமயம் லாபம், கழுவி கிட் போட ஒரு மணி நேரம் போயிடும்.

கணக்குப்புலி:
டீலர்ஷிப்னா புது மெஷின் வித்து வர்ற காசை நம்பாதீங்க. பாகம், சர்வீஸ் ரெண்டோட மொத்த லாபமும் கடையோட நிலையான செலவுல எத்தனை சதவீதத்தை ஈடுகட்டுதுன்னு பாருங்க. 100-க்கு வெகு கீழேன்னா, விற்பனை படுத்த மாசம் கையைக் கடிக்கும். கையெழுத்துக்கு முன்னாடி மூணு கேளுங்க: குறைஞ்ச ஆர்டர் எவ்வளவு, விக்காத சாமானைத் திருப்பி எடுப்பாங்களா, வாரண்டி வேலைக்கு எத்தனை மணி நேரக் கூலி தருவாங்க. ரெண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணிக் கூலிதான்னா மிச்சம் உங்க கைக்காசு.