ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: அந்த அரை பேண்டுக்கு நான் பட்ட பாடு

நான் நர்ஸ். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ரைட்டிங்கில் 6.5 பேண்ட் (மதிப்பெண்) போதும், லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வேண்டும். முதல் தடவை எல்லாம் வந்துவிட்டது, ஸ்பீக்கிங்கில் மட்டும் 6.5.

தப்பு என்மேல்தான். ஊர், வீடு, பொழுதுபோக்கு என்று எல்லாவற்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஊரைப் பற்றிக் கேட்டதும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். தேர்வாளர் சிரித்த முகத்தோடே பாதியில் நிறுத்தி, உங்கள் தெருவில் என்ன மாறியிருக்கிறது என்றார். அதற்கு மனப்பாடம் இல்லையே! "தே பில்டட்... சாரி, பில்ட்... தே ஹேவ் பில்ட்" என்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை திருத்தினேன். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நாலுக்கும் சம மதிப்பெண். இலக்கணத்தைக் காப்பாற்றப் போய் சரளத்தையும் கோட்டைவிட்டேன்.

அப்புறம் போனில் பேசிப் பதிவு செய்து கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் 14 'ஆக்சுவலி'. அதைவிட மோசம், நேற்று நடந்ததைக்கூட "பேஷண்ட் இஸ் டெல்லிங் மீ" என்றே சொல்லியிருக்கிறேன். வார்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம், யார் காதையும் உறுத்தாது. சரி, ஒரு மாதம் இறந்தகாலத்தை மட்டும் பிடிப்போம் என்று, நைட் டூட்டி முடிந்து வந்ததும் ராத்திரி நடந்ததையெல்லாம் கோட்டயத்து ரூம்மேட்டிடம் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் திருத்த மாட்டாள், தப்பு வந்தால் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான். (நம்ம ஊர் வாடையில் பேசுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், பேசுவது புரிய வேண்டும்.)

இரண்டாவது தடவை, பேச வேண்டிய தலைப்பாக வந்த கார்டு: நீங்கள் விரும்பிப் பேசும் வயதானவர். யோசிக்க ஒரு நிமிஷம், பேப்பர், பென்சில். நான் எழுதியது நாலே சொல்: பாட்டி, சந்தை, ஆடு, மழை. திருப்புவனம் சந்தைக்கு பாட்டியோடு போன கதையை எடுத்துவிட்டேன். நடுவில் 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'கோ' வந்து விழுந்தது, கண்டுகொள்ளாமல் மேலே போனேன். மழையில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, பாட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட, தேர்வாளர் "தேங்க் யூ" என்றார். இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. முதியோரைக் குடும்பத்தில் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

7 வந்தது. ஆடு கிடைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை.